மருந்தடித்த மலையும் பிறக்கும் பிள்ளையும்

கல்லூரியின் விழா மலரிலே களைகொல்லியைப் பற்றி எழுதப் புகுந்தால் அன்பர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். ஆயினும், நம் பழைய மாணவருள் ஊவாத் தோட்டங்களிலே ஆசிரியராயும் எழுதுவினைஞராயும் வைத்தியராயும் கடமையாற்றியோர், ஆற்றுவோர் பலர். அவர்தம் கைக்கெட்டிய தூரத்திலே கிடக்கும் ஒரு காரியத்தை இங்கன்றி வேறெங்கு எடுத்துரைப்போம்?

பசறையிலோ நமுனுகுலையிலோ ஒரு மலைக்கு மருந்தடித்தால், இத்தனை நாள் கழித்தே அங்கே கொழுந்தெடுக்கலாம் என்று விதியுண்டு. தேநீர் பருகுவோரைக் காக்க எழுந்த விதி அது. 2015ஆம் ஆண்டில் கிளைபோசேட் தடை செய்யப்பட்டபோது தோட்டங்கள் வேறு களைகொல்லிகளை நாடின. அவற்றுள் ஒன்றாகிய எம்.சி.பி.ஏ. நம் தேயிலையில் அளவுக்கு மிஞ்சியிருப்பதாக யப்பான் நாட்டார் முறையிட்டனர். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் கிளைபோசேட் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. யப்பானியரின் கோப்பையில் எத்துணை மருந்து என்பது அளக்கப்பட்டது. அக்கொழுந்தைக் கிள்ளிச் சுமந்தவள் உடலில் எத்துணை என்று கேட்ட குரல் நம் செவிக்கு எட்டவில்லை.

ஏன் கேட்கவேண்டும்? டென்மார்க் தேசத்திலே கண்ணாடிக் கூடங்களுள் செடி வளர்க்கும் பெண்களுக்குப் பிறந்த 247 பிள்ளைகளை ஆராய்ந்து 2011இல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். கருவுற்ற தொடக்கத்தில் பூச்சிமருந்து பட்ட தாய்மாரின் பிள்ளைகள் பிறக்கும்போது எடை குறைந்திருந்தனர். பள்ளி செல்லும் வயதிலோ அவர்தம் உடலில் கொழுப்பு மிகுந்திருந்தது. கவனிக்க வேண்டியது யாதெனின், கருவுற்றமை தெரிந்தவுடன் அப்பெண்களை மருந்து படாத வேலைக்கு மாற்றுவது அங்கே வழக்கம். அதாவது, தாய்க்கே தெரியுமுன் கழிந்த சில வாரங்களே போதுமானவையாயிருந்தன போலும். சில இரசாயனங்கள் உடலின் சுரப்புநீர்களைப் போல் வேடமிட்டுக் கருவின் வளர்ச்சியைக் குழப்பக்கூடும் என்பது அறிஞர் கருத்து. எல்லா ஆய்வும் ஒரே விடை தந்துவிடவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறோம்.

"நம் தோட்டப் பிள்ளைகள் மெலிந்தல்லவோ கிடக்கின்றனர், கொழுப்பைப் பற்றி என்ன பேச்சு?" என்பீர். உண்மையே. 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்குட்பட்டோருள் உயரம் குன்றியவர் நாடு முழுவதும் நூற்றுக்கு 17, தோட்டப்புறத்தில் 32. இரத்தசோகை, அரைவயிற்று உணவு, லயத்துக் காம்பராவின் விறகுப்புகை, வெற்றிலையோடு மெல்லும் புகையிலை ஆகியவையே இதில் பெரும்பங்கு கொள்வன என்று எண்ணுகிறோம். (புகையிலையும் இரசாயனமே; அதனை விதைத்தவர் துரைமாரல்லர்.) ஆனால் எடை குறைந்து பிறந்த பிள்ளை, பின்னர் கோதுமை மாவும் சீனியுமாய் உண்டு விரைந்து பருக்குமாயின், நீரிழிவுக்கு எளிதில் இரையாகும். மெலிவும் பருமனும் ஒரே கருப்பையிலே தொடங்கலாம்.

ஊகத்தை விடுத்து உண்மையறிய வழியுண்டு. எந்த மலைக்கு எந்நாளில் என்ன மருந்து அடித்தனர் என்பது தோட்டக் கந்தோரில் எழுதப்பட்டிருக்கும். எவள் எந்நாள் வேலைக்கு வந்தாள் என்பது செக்ரோலில் இருக்கும். பிள்ளை பிறந்த எடை மருத்துவிச்சியின் ஏட்டில் இருக்கும். பத்தாண்டின் பின் அதே பிள்ளையைப் பாடசாலையில் நிறுத்திப் பார்க்கிறோம். இவ்வேடுகள் யாவும் அரைமைல் தூரத்துக்குள் தனித்தனியே தூசி படிந்து கிடக்கின்றன. அவற்றை ஒரே மேசையில் விரிக்கப் பெருநிதியம் வேண்டாம். கந்தோரில் ஒருவர், வைத்தியசாலையில் ஒருவர், பாடசாலையில் ஒருவர் மனம்வைத்தால் போதும். அம்மூவரும் நம் சங்கத்திலேயே இருக்கின்றனர். வெலிமடையின் மரக்கறித் தோட்டங்களுக்கு நாட்கூலிக்குப் போகும் பெண்கள் மட்டும் எந்த ஏட்டிலும் அகப்படார். அவர்களை வீடுதேடிச் சென்றே கேட்டறிதல் வேண்டும்.

ஒன்றில் மாத்திரம் எச்சரிக்கை தேவை. தாய்மாரின் பெயர் வெளியே தெரியலாகாது. "கருவுற்றவளுக்கு ஆபத்து" என்னும் சொல்லையே சாக்காகக் கொண்டு அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அன்றைய பேர் போடாமல் விடும் தோட்டமும் உண்டாகலாம். மருந்தடித்த மலையிலிருந்து அவளை மாற்றும் அன்றைக்கும் முழுப்பேர் போடப்படவேண்டும் என்பதை முதலில் எழுத்தில் வாங்கிக்கொண்டே ஏட்டைத் திறப்போமாக.