கடலுக்கு மேல் முதல் ஒரு கிலோமீற்றர்

2023 ஒக்டோபர் 25ஆம் திகதி அதிகாலையில் மெக்சிக்கோவின் அகாபுல்கோ நகரை ஓட்டிஸ் சூறாவளி தாக்கியது. முதல்நாள் அதிகாலையில் சாதாரண புயலாக இருந்த அது, ஐந்தாம் தரச் சூறாவளியாகவே கரையைக் கடந்தது. முன்னணிக் கணினி மாதிரிகள் எவையும் இதனை உரிய வேளையில் எதிர்வுகூறவில்லை. ஏறத்தாழ எட்டு இலட்சம் மக்கள் வாழும் நகரம், வரவிருப்பது எத்தகைய சூறாவளி என அறிந்து ஆயத்தமாவதற்குக் கிடைத்தவை சில மணித்தியாலங்களே.

சூறாவளி எத்திசையில் செல்லும் என்பதைக் கணிப்பதில் இம்மாதிரிகள் கடந்த முப்பது ஆண்டுகளில் பெரிதும் முன்னேறியுள்ளன. எவ்வளவு வலுவடையும் என்பதிலேயே இடறுகின்றன. இதற்கான காரணங்களுள் முக்கியமானதொன்று, கடல்மட்டத்திலிருந்து சுமார் ஒரு கிலோமீற்றர் உயரம் வரையான காற்றின் போக்காகும். நீருடன் உராய்வதால் அங்கு காற்றின் வேகம் தளர்கிறது. தளர்ந்த காற்றை மையத்திலுள்ள தாழமுக்கம் உள்ளிழுக்கிறது. செல்லும் வழியில் அக்காற்று கடலின் வெப்பத்தையும் ஈரத்தையும் அள்ளிக்கொண்டு, கண்ணைச் சூழ்ந்த மேகச் சுவரில் மேலெழுகிறது. புயலுக்குத் தீனி அதுவே. வேகத்தைத் தடுக்கும் உராய்வே புயலை ஊட்டவும் செய்கிறது என்பதால், அதனைச் சிறிது பிழையாகக் கணித்தாலும் விளைவு பெரிதாகிறது.

2023இல் அமெரிக்கா சேவைக்குக் கொண்டுவந்த புதிய சூறாவளி மாதிரி, புயலின் மையப்பகுதியை 2 கிலோமீற்றர் கட்டங்களாகப் பிரித்துக் கணிக்கிறது. காற்றின் சுழிப்புகளோ சில நூறு மீற்றர் அகலமானவை. கட்டத்துள் அகப்படாத அவற்றை அனுமானச் சூத்திரங்களாலேயே ஈடுசெய்ய வேண்டியுள்ளது. காற்று வலுக்க வலுக்கக் கடலின் உராய்வும் கூடிக்கொண்டே செல்லும் என்றுதான் நெடுங்காலம் கருதப்பட்டது. சூறாவளி வேகத்தைத் தாண்டியதும் அது கூடுவதில்லை என்பதை, விமானங்களிலிருந்து வீசப்பட்ட கருவிகளின் பதிவுகளைக் கொண்டு 2003இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்றே எடுத்துக்காட்டியது.

அளவீடு இல்லாவிடின் நடந்து முடிந்த புயலைக்கூட நாம் சரியாக அறிவதில்லை. 1992இல் புளோரிடாவைச் சிதைத்த அன்ட்ரூ சூறாவளி நான்காம் தரத்தது என்றே பதியப்பட்டிருந்தது. 1997 முதல் பயன்பாட்டுக்கு வந்த புதிய வீழ்கருவிகள் தந்த அறிவைக் கொண்டு, பத்து ஆண்டுகளின் பின்னர் 2002இல் அது ஐந்தாம் தரமாகத் திருத்தப்பட்டது. விமானம் அவ்வளவு தாழப் பறப்பதும் இலகுவன்று. 1989இல் ஹியூகோ சூறாவளிக்குள் சுமார் 450 மீற்றர் உயரத்தில் நுழைந்த ஆய்வு விமானம், இயந்திரமொன்று செயலிழந்து மயிரிழையில் தப்பியது. எனவேதான் இன்று ஆளில்லா விமானங்கள் அனுப்பப்படுகின்றன.

இந்நிலையில், தேசிய சமுத்திர வளிமண்டல நிர்வாகத்தின் ஆய்வுப் பிரிவையே இல்லாதொழிக்குமாறு, 2025இல் வாஷிங்டன் நிர்வாகம் தனது 2026ஆம் நிதியாண்டு வரவு செலவுத்திட்ட முன்மொழிவில் கோரியமை வியப்புக்குரியது. மியாமியிலுள்ள சூறாவளி ஆய்வுக்கூடமும் அப்பிரிவைச் சேர்ந்ததே. செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனி இவை எதற்கு என்போரும் உளர். அந்த நுண்ணறிவும் பழைய அளவீடுகளைப் படித்தே கற்கின்றது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

1978இல் மட்டக்களப்பைச் சூறையாடிய சூறாவளி பிறந்த வங்காள விரிகுடாவில், இத்தகைய ஆய்வு விமானங்கள் இன்றும் வழமையாகப் பறப்பதில்லை. அங்கு உருவாகும் புயல்களின் காற்றுவேகம், பெரும்பாலும் செய்மதிப் படங்களில் தெரியும் மேகத் தோற்றத்தைக் கொண்டே மதிப்பிடப்படுகிறது.