பழியை விண்கல்லின்மேல் சுமத்தாதீர்!

மனிதர் செல்லும் விண்கலங்களுக்கு நேரும் ஆபத்தைப் பற்றி எழுதுவோர், "நுண்விண்கற்களும் விண்வெளிக் குப்பையும்" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிச் செல்கின்றனர். இவ்வழக்கம் தவறானது, குற்றவாளிக்கு நிழல் தருவதுமாகும். நுண்விண்கல் இயற்கையின் பொருள். குப்பையோ மனிதன் விதைத்தது. இரண்டையும் ஒரே மூட்டையாய்க் கட்டினால், பதில் சொல்ல வேண்டியவன் தப்பிவிடுவான்.

இயற்கையின் பங்கை முதலில் ஒப்புக்கொள்வோம். 2022 டிசம்பரில், சர்வதேச விண்வெளி நிலையத்தோடு இணைந்திருந்த சோயுஸ் எம்எஸ்-22 கலத்தின் குளிர்விப்பு அமைப்பில் 0.8 மில்லிமீட்டர் அளவே உள்ள துளை விழுந்து, நீர்மம் பீறிட்டு வெளியேறிற்று. நுண்விண்கல்லே காரணம் என ரஷ்ய விண்வெளி அமைப்பு அறிவித்தது. ஆறு மாதத்தில் திரும்ப வேண்டிய மூவர், மாற்றுக் கலம் வந்து, 371 நாள்களுக்குப் பின்னரே மண்ணை மிதித்தனர். இதற்காக எவரையும் நாம் குறைகூற இயலாது.

ஆனால் மற்றதற்கு? 1985-இல் அமெரிக்கா தன் செயற்கைக்கோள் ஒன்றை ஏவுகணையால் தகர்த்தது. 2007-இல் சீனா அவ்வாறே செய்தது. கண்காணிக்கத்தக்க துண்டுகள் மட்டுமே மூவாயிரத்துக்கு மேல். 2019 மார்ச்சில் நம் நாடும் அவ்வரிசையில் சேர்ந்தது. தாழ்ந்த உயரத்தில் செய்ததால் துண்டுகள் விரைவில் எரிந்துவிடும் என்றனர். பெரும்பாலானவை எரிந்தன, சிலவோ விண்வெளி நிலையத்திற்கும் மேலே வீசப்பட்டன. 2021 நவம்பர் 15-இல் ரஷ்யா தகர்த்த கோளிலிருந்து ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட துண்டுகள் சிதறின. அன்று நிலையத்திலிருந்த எழுவரும் தத்தம் கலங்களுக்குள் ஒதுங்க நேர்ந்தது. அவர்களுள் இருவர் ரஷ்யர்! தன் பிள்ளைகள் உள்ளே இருக்கத் தன் வீட்டின்மேலேயே கல்லெறிபவனை என்னென்பது?

"கலங்களுக்குக் கவசம் உண்டே" என்பர். உண்டு. மெல்லிய வெளித்தகடு, இடைவெளி, பின்னர் சுவர் என்ற முறையை அமெரிக்க வானியலார் ஃபிரெட் விப்பிள் 1940-களில் வகுத்தளித்தார். வரும் துகள் தகட்டில் மோதித் தூளாகி, வலுவிழந்து சுவரை அடையும். ஆயினும் விண்வெளி நிலையத்தின் கவசம் தாங்குவது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வரைதான். பத்து சென்டிமீட்டருக்கு மேற்பட்டவற்றை ராடாரால் கண்டு விலகலாம். இடைப்பட்டவற்றைத் தாங்கவும் இயலாது. பெரும்பாலும் காணவும் இயலாது. அவை மோதும் வேகமோ நொடிக்குச் சராசரி பத்து கிலோமீட்டர். துப்பாக்கிக் குண்டினும் பத்து மடங்கு!

"இதுவரை உயிர் போகவில்லையே" என்பர். உயிர் போன பின்னர்தான் அறிவு வரவேண்டுமா? 2025 நவம்பரில், குப்பை மோதியதெனக் கருதப்படும் விரிசல் சீனாவின் ஷென்சோ-20 கலத்தின் சாளரத்தில் காணப்பட்டது. அதில் திரும்ப வேண்டிய மூவர், பின்வந்தோரின் கலத்தில் ஏறி வந்தனர். நிலையத்தில் எஞ்சிய மூவரோ, நவம்பர் 25-இல் வேறு கலம் அனுப்பப்படும் வரை, பாதுகாப்பாய்த் திரும்பும் வழியின்றி இருந்தனர். மோதிய துண்டு யாருடையது என்று எவரால் நிறுவ முடியும்? 1972-ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையோ, விண்வெளியில் நேரும் சேதத்திற்கு ஒரு நாட்டின் தவற்றை நிறுவினால்தான் அந்நாட்டைப் பொறுப்பாக்கும். உரிமையாளன் பெயர் எழுதாத துண்டிடம் வழக்காடுவது எங்ஙனம்?

ஆகவே, உடைக்காதிருப்பதே அறம். இத்தகைய ஏவுகணைச் சோதனைகளைச் செய்ய வேண்டாம் என 2022 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை கேட்டுக்கொண்டது. ரஷ்யாவும் சீனாவும் எதிர்த்து வாக்களித்தன; இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கிற்று. 2025-இல் நம் சுபான்ஷு சுக்லா அந்நிலையத்தில் தங்கி மீண்டார். இனி நம் கலத்திலேயே நம் மக்களை அனுப்ப ஆயத்தமாகிறோம். மேலே செல்லும் உயிர்கள் அனுப்புகின்ற நாட்டின் கையில் அமானிதமல்லவா? அவ்வமானிதத்தைக் காக்க விரும்பும் அரசு, "இனி உடைக்கமாட்டோம்" என்று உலகறிய உரைக்கட்டும். விண்கல்லுக்குக் கட்டளையிட நம்மால் இயலாது, ஏவுகணைக்கு இயலும்.