சட்டகத்துக்கு வெளியே தள்ளப்படும் லயன்கள்

தை பிறப்பதற்கு முன்னரே கமராக்கார நண்பர்கள் பயணத் திட்டம் வரையத் தொடங்கிவிடுகிறார்கள். கொழும்பிலிருந்தும் புலம்பெயர் நாடுகளிலிருந்தும் அவ்வாறு வரையப்பட்டவை பல என் பார்வைக்கு வந்துள்ளன. ஒன்றைப் படித்தால் எல்லாவற்றையும் படித்ததற்குச் சமம். ஹோட்டன் சமவெளி, அப்புத்தளையில் லிப்டன் ஆசனம், தெமோதரையில் ஒன்பது வளைவுப் பாலம், தியலும நீர்வீழ்ச்சி, பின்னர் கீழிறங்கி வெலிகமவில் கழிமேல் அமர்ந்து மீன்பிடிப்போர். மலை நான்கு நாள், கடல் இரண்டு நாள்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை இத்திட்டங்களில் குறை காண முடியாது. ஜனவரி முதல் மார்ச் வரையே மத்திய மலைநாட்டிலும் தென்மேற்குக் கரையிலும் ஒருங்கே வானம் தெளிந்திருக்கும். உலக முடிவில் காலை ஒன்பது மணிக்குப் பின்னர் மூடுபனி ஏறிப் பள்ளத்தாக்கை மறைத்துவிடும் என்பதும், நிலநடுக்கோட்டை அண்டிய நாடாகையால் பொன்வெயில் ஐரோப்பியப் புத்தகங்கள் சொல்லும் அளவுக்கு இங்கே நீடிக்காது என்பதும் இவர்களுக்கு நன்றாகவே தெரியும். மூன்று வில்லைகள், முக்காலி, மழையுறை என எல்லாம் பட்டியலில் உள்ளன. அந்த மலையில் மனிதர் வாழ்கிறார்கள் என்ற செய்தி மட்டும் இல்லை.

எனக்குச் சினமூட்டுவது, அங்கே எடுத்த படங்களின் கீழ் எழுதப்படும் 'தீண்டப்படாத இயற்கை' என்ற சொற்றொடர். தேயிலை மலையில் தீண்டப்படாத இடம் எங்கே இருக்கிறது? காடழித்துக் கோப்பி நட்டார்கள்; கோப்பி நோயில் அழிந்ததும் தேயிலை நட்டார்கள். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 1867 இல் தொடங்கியதைப் பாடநூல்கள் சொல்லும். அந்தச் சரிவுகளை வெட்டி, கல் அடுக்கி, நிரை பிடித்தவர்களின் பெயர் எந்தப் பாடநூலிலும் இல்லை. நீங்கள் வியந்து படமெடுக்கும் ஒவ்வொரு பச்சைக் கோடும் ஒருவருடைய முதுகு வளைந்ததால் உண்டானது. அவர்களுடைய வழித்தோன்றல்களில் பலர் பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் காம்பராக்களிலேயே இன்றும் குடியிருக்கிறார்கள்.

அந்த லயன்கள் படங்களில் வராதது தற்செயலன்று. தகரக்கூரை தெரியாதபடி இரண்டடி இடப்புறம் நகர்கிறார்கள். அதற்கும் வழியில்லாவிட்டால் வீடு திரும்பிக் கணினியில் அழித்துவிடுகிறார்கள். கொழுந்து பறிக்கும் பெண் மட்டும் வேண்டும், அதுவும் கூடையுடன் வேண்டும். பல தோட்டங்களில் கூடை போய் நைலோன் பை வந்து ஆண்டுகள் பலவாகிவிட்டன. அதனாலென்ன, சுற்றுலா வழிகாட்டி எங்கிருந்தோ ஒரு கூடையைக் கொண்டுவந்து கொடுக்கிறார். அந்தப் பெண் படத்துக்குப் பணம் கேட்டால் 'வியாபாரமாகிவிட்டது' என்று முகம் சுளிக்கிறார்கள். பல்லாண்டுப் போராட்டத்துக்குப் பின் 2021 இல்தான் அவளது நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயைத் தொட்டது. அவளுடைய முகத்தை நாட்காட்டியில் அச்சிட்டு விற்பது யாருடைய வியாபாரம்?

கரையில் இதற்கு நேர்மாறான வேடிக்கை நடக்கிறது. மலையில் இருப்பவரை நீக்குகிறார்கள், கடலில் இல்லாதவரை நிறுத்துகிறார்கள். ஸ்டீவ் மக்கரி 1995 இல் வெலிகமவில் எடுத்த படம் உலகைச் சுற்றியது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் அந்தத் தொழில் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. இன்று கொக்கலைக் கரையில் கழியேறுபவர்களில் அநேகர் கமராவைக் கண்ட பின்பே ஏறுகிறார்கள். அவர்களை நான் குறைகூறேன். மீனைவிடப் படம் கூடுதலாக உழைத்துக் கொடுக்குமாயின் எவரும் அதைத்தான் செய்வர். அதை எடுத்துச் சென்று 'தொன்மையான வாழ்க்கை' என்று கண்காட்சி வைப்பவரையே குறைகூறுகிறேன்.

"அழகைத் தேடிப் போகிறோம், அரசியலை ஏன் இழுக்கிறீர்கள்?" என்று இளம் நண்பரொருவர் என்னிடம் கேட்டார். லயனை விலக்க இரண்டடி நகர்ந்தவர் அவர்தான், நானல்ல. தியலுமவைப் படமெடுக்கப் போகிறவர் கொஸ்லாந்தைப் பகுதிக்கே போகிறார். அங்கேதான் 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை மீரியபெத்தவில் மலை சரிந்து லயன்களை மூடியது. அந்தச் சரிவு ஆபத்தானது என்ற எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்னரே கொடுக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டபோதும் மலைநாடே மிகுதியாகச் சரிந்தது. செங்குத்தான சரிவு உங்களுக்குக் காட்சி. அதன் அடிவாரத்தில் படுத்துறங்குபவருக்கு அது மழைக்கால இரவுகளின் அச்சம். இரண்டும் ஒரே படத்தில் வர முடியாது என்று எந்தக் கலை இலக்கணம் சொல்கிறது? மூடுபனிக்கு மூன்று மணிநேரம் காத்திருக்கும் பொறுமையுள்ளவர், விடியற்காலைப் பிரட்டுக்களத்திலோ மாலையில் கொழுந்து நிறுக்கும் இடத்திலோ அரைமணிநேரம் நின்று, அனுமதி கேட்டு, பெயர் கேட்டு, பின்னர் கமராவைத் தூக்கலாம். எடுத்த படத்தின் ஒரு பிரதியை அவர்களுக்கு அனுப்பவும் செய்யலாம். தபாற்செலவு வில்லை ஒன்றின் விலையாகாது.

மலையையும் கடலையும் ஒரே பயணத்தில் காண விரும்புவோர்க்கு என்னிடம் வேறொரு திட்டம் உண்டு. அது கடலில் தொடங்கும். தலைமன்னாரில் பழைய இறங்குதுறையின் எச்சங்களும் வெளிச்சவீடும் உள்ளன. காற்றும் மணலும் பனையுமாக, எந்த வில்லைக்கும் ஈடுகொடுக்கும் நிலம். கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாகக் கால்நடையாக மாத்தளை நோக்கி ஏறினார்கள். காலராவாலும் பசியாலும் வழியிலேயே மடிந்தவர் பலர். மலையக மக்களின் வருகைக்கு இருநூறு ஆண்டு நிறைந்ததையொட்டி 2023 ஜூலை, ஆகஸ்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணமொன்றும் நிகழ்ந்தது. மன்னாரின் உப்புத்தரை, மடு வீதியின் காடு, வறண்ட வலயத்துக் குளங்கள், தம்புள்ளைக்கு அப்பால் மெல்ல எழும் மலை என்று நிலம் தானாகவே நிறம் மாறிக்கொண்டு போகும். ஆறு நாள் தாராளமாகப் போதும். மாத்தளையை அடைந்த பின்பும் விடுமுறை மிஞ்சியிருந்தால் தெமோதரைக்கும் போய் வாருங்கள். 1921 இல் கட்டிய அந்தப் பாலத்தைப் படமெடுக்க வேறு ஆயிரம் பேர் வரிசையில் நிற்பார்கள்.