பச்சை மேஜைக்கு கேமரா வருமா?

முதலில் பெயரிலேயே ஒரு சங்கடம். எண்ணிட்ட வண்ணப் பந்துகளைக் கோலால் அடித்து, மேஜையின் ஆறு குழிகளில் தள்ளும் அமெரிக்க ஆட்டம் ஒன்று இருக்கிறது. அதன் ஓரசை ஆங்கிலப் பெயரை அப்படியே தமிழில் எழுதினால் ஆசிரியர் அச்சேற்ற மாட்டார். அச்சேற்றினாலும் வீட்டில் யாரும் பத்திரிகையை வாய்விட்டுப் படிக்க முடியாது. ஆகவே இந்தப் பக்கத்தில் அதன் மரியாதையான பெயரான பாக்கெட் பில்லியர்ட்ஸையே பயன்படுத்துகிறேன். அமெரிக்காவிலும் இந்த ஆட்டத்தை நடத்திய அமைப்புகள் இந்த நீளமான பெயரைத்தான் விரும்பின. அங்கே பிரச்சினை ஆபாசம் அல்ல, சூது. 19ஆம் நூற்றாண்டில் குதிரைப் பந்தயத்துக்குப் பலர் கூட்டாகப் பணம் கட்டிய கூடங்களுக்கு அந்தச் சின்னப் பெயர் இருந்தது. ஒரு பந்தயத்துக்கும் அடுத்ததற்கும் இடையே பொழுதுபோக அங்கே மேஜைகளைப் போட்டார்கள். கூடத்தின் பெயர் மேஜைக்கு ஒட்டிக்கொண்டது. கெட்ட பெயரும் கூடவே வந்தது.

இந்தக் கெட்ட பெயர் புனேவரைக்கும் வந்திருக்கிறது. மகாராஷ்டிரத்தின் கேளிக்கை வரிச் சட்டம் 1923இல் பிறந்தது. பின்னாளில் திருத்தித் திருத்தி அதில் சேர்த்த வரி விதிக்கத்தக்க கேளிக்கைகளின் பட்டியலில் டான்ஸ் பார், பப், டிஸ்கோதே ஆகியவற்றோடு இந்த ஆட்டமும் இடம்பிடித்தது. கல்லூரிகள் நெருங்கிக் கிடக்கும் ஊரில் மாடிப்படி ஏறினால் ஒரு பார்லர், மணிக்கு இவ்வளவு என்று கட்டணம், மங்கிய விளக்கு, சிகரெட் புகை. மகன் அங்கே போகிறான் என்று தெரிந்தால் எந்த அப்பாவும் ஒரு வருங்கால சாம்பியனைக் கற்பனை செய்துகொள்ள மாட்டார்.

இத்தனைக்கும் கோலைப் பிடித்து உலகை வென்ற இருவர் பிறந்த ஊர் இது. வில்சன் ஜோன்ஸ் 1922இல் புனேயில் பிறந்தார். 1958இல் கல்கத்தாவில் நடந்த உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றார். தனிநபர் விளையாட்டு எதிலும் உலக சாம்பியனான முதல் இந்தியர் அவர்தான். அதே 1958இல்தான் மில்கா சிங் கார்டிஃபில் காமன்வெல்த் தங்கம் வாங்கினார். மில்காவைத் தெரியாதவர் யார்? ஜோன்ஸைத் தெரிந்தவர் யார்? டெல்லியில் தொலைக்காட்சி சோதனை முறையில் தொடங்கியதே 1959இல்தான் என்பதால் டிவியைக் குறை சொல்ல முடியாது. 1964இல் நியூசிலாந்தில் ஜோன்ஸ் மறுபடியும் வென்றபோதும் செய்தித்தாளில் சில வரிகள்தான்.

இரண்டாமவர் பங்கஜ் அத்வானி. 1985இல் புனேயில் பிறந்து, குவைத் வழியாக பெங்களூர் போய்ச் சேர்ந்தவர். எங்கள் ஊருக்கு உரியது பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான் என்று பெங்களூர்க்காரர்கள் சொல்லக்கூடும், சொல்லட்டும். 2024 முடிவதற்குள் பில்லியர்ட்ஸிலும் ஸ்னூக்கரிலுமாக அவர் வென்ற உலகப் பட்டங்கள் 28. இந்த எண்ணிக்கையில் பாதியைக் கிரிக்கெட்டில் யாராவது தொட்டிருந்தால் தெருவுக்கு ஒரு கட்-அவுட் நின்றிருக்கும். அத்வானிக்குச் சம்பளம் தந்தது டிவி அல்ல, ரசிகர்களும் அல்ல. ஓஎன்ஜிசி என்ற எண்ணெய் நிறுவனம். இந்தக் குறை புதிதல்ல. மும்பையின் மைக்கேல் ஃபெரைரா உலக பில்லியர்ட்ஸ் சாம்பியனாக இருந்தபோது 1981இல் பத்மஸ்ரீயை வேண்டாமென்றார். கவாஸ்கருக்கு பத்மபூஷண் தந்தீர்களே, எனக்கு மட்டும் ஏன் ஒரு படி கீழே என்பது அவர் வாதம். 1983இல் அவருக்கும் பத்மபூஷண் வந்தது. விருதைச் சண்டை போட்டு வாங்கிவிடலாம். பார்வையாளரை அப்படி வாங்க முடியுமா?

சாம்பியன்களைக் காட்டி டிவியை அழைக்க முடியாது என்பதற்குப் பில்லியர்ட்ஸே சாட்சி. மூன்று பந்துகள், முடிவில்லாத மோதல்கள். ஆஸ்திரேலியாவின் வால்டர் லிண்ட்ரம் 1932இல் ஒரே மூச்சில் 4,137 புள்ளி எடுத்தார். எதிராளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆட்டக்காரர் தேறத் தேறப் பார்க்க ஆளில்லாமல் போன விசித்திர விளையாட்டு அது. அதைவிட ஸ்னூக்கர் தேவலை. அது நம்மூர்ச் சரக்கு வேறு: 1875இல் ஜபல்பூரில் ராணுவ அதிகாரி நெவில் சேம்பர்லேன் (பிரதமரானவர் வேறு) உருவாக்கினார். விதிகள் ஒழுங்காகி மாட்டப்பட்டது நம் ஊட்டி கிளப்பில். அந்த கிளப்பின் படி ஏற எத்தனை தமிழர்களுக்கு அனுமதி இருந்தது என்பது வேறு விஷயம்.

அந்த ஸ்னூக்கரை டிவியில் ஏற்றியது விளையாட்டுப் பற்று அல்ல, வண்ணப் பெட்டி விற்கும் ஆசை. பிபிசி-2 கலருக்கு மாறியபின், கலரின் அருமையைக் காட்ட ஒரு மலிவான நிகழ்ச்சி தேவைப்பட்டது. வண்ணவண்ணப் பந்துகளும் பச்சைத் துணியும் உருண்டோடும் ஆட்டத்தைவிட வேறென்ன வேண்டும்? 1969இல் 'பாட் பிளாக்' பிறந்தது. 1985இல் டென்னிஸ் டெய்லர் ஸ்டீவ் டேவிஸைக் கடைசிப் பந்தில் வீழ்த்தியபோது பிரிட்டனில் நள்ளிரவு தாண்டியும் 1 கோடியே 85 லட்சம் பேர் விழித்திருந்து பார்த்தார்கள். இந்தியாவுக்குக் கலர் டிவி வந்தது 1982இல், ஆசியப் போட்டிக்காக. அந்தப் போட்டியில் இந்த ஆட்டங்களே கிடையாது. 1998இல் சேர்த்தார்கள், அத்வானி 2006லும் 2010லும் தங்கம் வென்றார், அத்தோடு எடுத்துவிட்டார்கள்.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே பாக்கெட் பில்லியர்ட்ஸின் பெரும் சாம்பியன் வில்லி மோஸ்கோனி கோட்டு போட்ட கனவான். ஆட்டத்தின் அழுக்கைக் கழுவுவதே தன் வேலை என்று இருந்தவர். 1961இல் 'தி ஹஸ்லர்' படம் வந்தது. தெரியாதவன் போல நடித்துப் பந்தயப் பணத்தைக் கறக்கும் ஆட்டக்காரனின் கதை. ருடால்ஃப் வான்டரோன் என்ற வாய்ச்சொல் வீரர், படத்தில் வரும் மினசோட்டா ஃபேட்ஸ் நான்தான் என்று சொல்லிக்கொண்டு அந்தப் பெயரிலேயே பிரபலமானார். மோஸ்கோனிக்கு அவரைக் கண்டாலே ஆகாது. 1978 பிப்ரவரி 14 அன்று ஏபிசி தொலைக்காட்சி இருவரையும் நியூயார்க்கில் மோதவிட்டது. மோஸ்கோனி சுலபமாக வென்றார். ஆனால் மக்கள் பார்க்க வந்தது ஃபேட்ஸின் வாயை. இந்த ஆட்டத்தின் தலைவலியே அதுதான். எந்தக் கெட்ட பெயரை உதற நினைத்தார்களோ அதுதான் டிவியில் விலைபோனது.

கெட்ட பெயர்கூட விலைபோகாதபோது யாராவது ஒரு பணக்காரர் வருவார். 2005இல் டிவி விளம்பர வியாபாரி கெவின் ட்ரூடோ ஒரு சர்வதேசச் சுற்றைத் தொடங்கினார். 2006 ரீனோ போட்டியில் பிலிப்பைன்ஸின் எஃப்ரன் ரெயஸ் வென்றார். அறிவித்த முதல் பரிசு 5 லட்சம் டாலர். பிறகுதான் பெட்டியில் பணமில்லை என்று தெரிந்தது. ஆட்டக்காரர்கள் தவணைக்குக் காத்திருந்தார்கள். ட்ரூடோ வேறொரு விவகாரத்தில் 2014இல் பத்தாண்டு சிறைத்தண்டனை பெற்றார்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். கேரம் ஆடாத தமிழர் அபூர்வம். கேரமில் காய் விழுந்ததும் ஸ்ட்ரைக்கரை எடுத்து உங்கள் கோட்டில் விருப்பம்போல் வைத்துக்கொள்ளலாம். இங்கே முடியாது. வெள்ளைப் பந்து எங்கே நின்றதோ அங்கிருந்துதான் அடுத்த அடி. ஆகவே பந்தைக் குழியில் போடுவது பாதி வேலை. போட்டபின் வெள்ளையை அடுத்த பந்துக்கு வசதியான இடத்தில் நிறுத்துவதுதான் வித்தை. வித்தை தெரிந்தவருக்கு எல்லா அடியும் சுலபமான அடியாகவே அமையும். கத்துக்குட்டி மூன்று கரையில் மோதவிட்டு ஒன்றைப் போட்டால் கூட்டம் கைதட்டும். மேதை ஒன்பதையும் அலுங்காமல் போட்டுவிட்டு உட்காருவார். இதிலென்ன கஷ்டம் என்று வீட்டிலிருப்பவர் சேனலை மாற்றுவார். கோலைக் கையில் பிடித்துத் தோற்றவருக்குத்தான் அது மேதைமை என்று புரியும்.

இந்தத் தடையைத் தாண்ட என்னென்னவோ செய்தார்கள். சில நிமிடங்களில் முடியும் ஒன்பது பந்து ஆட்டத்தை முன்னிறுத்தினார்கள், அடிக்கு இத்தனை விநாடி என்று கடிகாரம் வைத்தார்கள். பச்சைத் துணி நீலமானது. கேமராவில் கறுப்பாகத் தெரிந்த ஊதா நான்காம் பந்து இளஞ்சிவப்பானது. வர்ணனைக்கு மட்டும் வழி பிறக்கவில்லை, தமிழில் நிச்சயமாக இல்லை. 'ரெட் போட்டால் ஃபாலோ போடணும்' என்று கேரமுக்குச் சொந்தமாக ஒரு பாஷையே வைத்திருக்கிறோம். வெள்ளைப் பந்தைப் பின்வாங்க வைக்கும் அடிக்கு ஒரு சொல் கேட்டால், மொழிபெயர்த்தே பிழைக்கும் நான் விழிக்கிறேன். ஆடியிருந்தால் சொல் தானாக வந்திருக்கும்.

பிலிப்பைன்ஸில் வந்தது. அங்கே தெருவோரத் தகரக் கூரையின் கீழ் மேஜை கிடக்கும். 1999இல் கார்டிஃபில் ரெயஸ் உலகப் பட்டம் வென்றதை டிவியில் பார்த்தவர்கள் தங்கள் தெரு ஆட்டத்தைத்தான் பார்த்தார்கள். நம்மிடம் ஆட்டத்துக்கு இரண்டு வாசல். ஒன்று உறுப்பினர் அட்டை கேட்கும் கிளப். புனேயில் மாநில, தேசியப் போட்டிகள் நடக்கும் பிஒய்சி ஜிம்கானாவின் பெயரிலேயே 'பூனா யங் கிரிக்கெட்டர்ஸ்' இருக்கிறது! மற்றது வீட்டுக்குத் தெரியாமல் போகும் பார்லர். சாம்பியன்கள் முதல் வாசலில் இருந்தார்கள், வாலிபர்கள் இரண்டாவதில். கேமரா எந்த வாசலில் நிற்பது?

முயற்சி நடக்காமல் இல்லை. 2013இல் டெல்லியில் முதல் இந்தியன் ஓப்பன் ஸ்னூக்கர். மும்பையின் ஆதித்யா மேத்தா இறுதிவரை போய் சீனாவின் டிங் ஜுன்ஹுவிடம் 0-5 என்று தோற்றார். போட்டி பிறகு மும்பை, ஹைதராபாத், விசாகப்பட்டினம், கொச்சி என்று ஊர் ஊராகச் சுற்றி 2019க்குப் பின் நின்றது. 2017 ஆகஸ்டில் அகமதாபாத்தில் 'க்யூ ஸ்லாம்' லீக். ஆறு சிவப்புப் பந்து ஸ்னூக்கரும் ஒன்பது பந்தும் கலந்த ஆட்டம், ஐந்து அணிகள். கெட்ட பெயரைத் துடைக்க வந்த லீகில் ஒரு அணிக்கு 'ஹைதராபாத் ஹஸ்லர்ஸ்' என்றும் இன்னொன்றுக்கு 'டெல்லி டான்ஸ்' என்றும் பெயர் வைத்த ரசனையை மெச்சத்தான் வேண்டும். லீக் வேர்பிடிக்கவில்லை.

அதே 2017 ஆகஸ்டில் புரோ கபடியின் ஐந்தாவது பருவம் ஓடிக்கொண்டிருந்தது. தமிழ் தலைவாஸ் முதன்முதலாகக் களமிறங்கிய ஆண்டு. கபடியையும் டிவிக்காக வெட்டி ஒட்டினார்கள்: மண் போய் மேட், 30 விநாடிக் கடிகாரம், வண்ண விளக்கு. ஆனால் பார்த்தவர்களில் பெரும்பாலோர் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டவர்கள். ரெய்டருக்கு எப்போது மூச்சு முட்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. புனேயின் புனேரி பல்தன் 2024 மார்ச்சில் கோப்பையை வென்றது. அத்வானி இங்கே பிறந்தவர் என்பதைவிட பல்தனின் ரெய்டர் யார் என்பது ஊருக்கு நன்றாகத் தெரியும்.

பணம் இப்போது சவூதி அரேபியாவிலிருந்து வருகிறது. 2024இல் ஜெட்டாவில் நடந்த ஒன்பது பந்து உலகப் போட்டியின் மொத்தப் பரிசு 10 லட்சம் டாலர். பட்டம் வென்ற ஃபெடோர் கோர்ஸ்டுக்கு இரண்டரை லட்சம். மறுபடியும் ஒரு பணக்கார வீட்டு வாசல்தான், ட்ரூடோவின் வாசலைவிடக் கொஞ்சம் உறுதியானது.

எனக்கு ஜெட்டாவைவிட சுவாரஸ்யமாகப் படுவது செல்போன். எட்டுப் பந்து ஆட்டத்தை விரலால் ஆடும் மினிக்ளிப் விளையாட்டு பல ஆண்டுகளாக நம் பையன்களின் கையில் இருக்கிறது. கோலையே தொடாதவன்கூட வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்க வேண்டும் என்று யோசித்து விரலை இழுக்கிறான். திரையில் ஒரு கோடு வழிகாட்டுகிறது. புனே லோக்கல் ரயிலில், கட்கியிலிருந்து சிவாஜிநகர் வருவதற்குள், அக்காவும் தம்பியும் மாறி மாறி அதை ஆடிக்கொண்டு வந்ததைப் பார்த்தேன். அக்கா சுலபமான பந்தை விட்டுவிட்டுக் கஷ்டமானதை முதலில் எடுத்தாள். தம்பி ஏன் என்று கேட்கவில்லை, அவனுக்குப் புரிந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர்கள் அம்மா அதட்டவும் இல்லை.