அம்மாவையும் ஒரு வார்த்தை கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற மாதம் மாற்றுத்திறனாளிகளுக்கான ஒரு முகாமுக்கு என் மகனைக் கூட்டிப் போனேன். அறிவுசார் குறைபாடும் வலிப்பும் உள்ள அவனுக்கு வயது 16. எடை, மாத்திரை, ஊனத்தின் சதவீதம் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். அவன் கையை இறுகப் பிடித்தபடி மூன்று மணி நேரம் நின்ற என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வரிசையில் நின்ற இன்னொரு தாய்தான், "ராத்திரி தூங்குறீங்களாக்கா?" என்றார். பதிலுக்கு எனக்கு அழுகைதான் வந்தது. அவரும் அழுதார்.

சின்ன வயதில் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டே எங்கும் போவேன். இப்போது என்னைவிட ஒரு சாண் உயரம். குளிப்பாட்டவும், கோபத்தில் சுவரில் தலையை மோதும்போது பிடித்து நிறுத்தவும் என் உடம்பில் தெம்பு இல்லை. பெண்பிள்ளை என்றால் தாய்க்கு மாதவிடாய் நாட்களின் பாடும், பிள்ளையைத் தனியே விட முடியாத பயமும் வேறு. எலுமிச்சை கமிஷன் கடையில் காய் பொறுக்கும் வேலையை விட்டுவிட்டேன். பக்கத்துச் சங்கரன்கோவிலுக்கு ஆடித்தபசு பார்க்கப் போய் நான்கு வருடம் ஆகிறது. "எந்த ஜென்மத்துப் பாவமோ" என்று காதில் விழும்படி பேசுகிறவர்கள் வீட்டு விசேஷத்துக்கும் போவதில்லை.

மகனுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வருகிறது. அதற்கு நன்றி. ஆனால் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 24-ஆம் பிரிவில், பராமரிப்பவருக்கான உதவித்தொகையையும் சொல்கிறது. சட்டத்துக்குத் தெரிந்த அந்த ஆள் முகாமில் மட்டும் கண்ணில் படாமல் போவது ஏன்? மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண் இருக்கிறது. அவன் பக்கத்திலேயே இருக்க, நான் எந்த நேரத்தில் மனம் விட்டுப் பேசுவது?

ஆய்க்குடியில் 1981 முதல் அமர் சேவா சங்கம் மாற்றுத்திறனாளிகளுக்குத் தொண்டு செய்துவரும் மாவட்டம் எங்கள் தென்காசி. இந்த அக்கறை எங்களுக்குப் புதிதல்ல. புளியங்குடியில், வளர்ந்த பிள்ளைகளை வாரம் 2 நாளாவது நம்பி விட்டுவரும் தூரத்தில் ஒரு பகல்நேரப் பராமரிப்பு மையம் வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் ஆலோசகர் ஒவ்வொரு முகாமுக்கும் வந்து, தாய்மாரைத் தனியே உட்காரவைத்துப் பேச வேண்டும். அந்த அரை மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்.

இலவசக் கல்விக்கான உரிமை 18 வயதோடு முடிகிறது. அதன்பிறகு என் மகன் முழுநாளும் வீட்டில்தான். அதற்கு இன்னும் இரண்டு ஆண்டுகளே இருக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு தாய்,
புளியங்குடி, தென்காசி மாவட்டம்.