டிராகன் படம் போட்ட புத்தகம்

சென்ற தவணையில் எங்கள் வகுப்பில் ஒரு புத்தகம் கைமாறிக்கொண்டே இருந்தது. பழுப்புக் கடதாசியில் உறை போட்டு, அதன் மேல் 'உயிரியல்' என்று அழகாக எழுதியிருந்தார்கள். கலைப்பிரிவில் படிக்கும் ஒருத்தியின் மேசைக்குள்ளிருந்து அந்த உயிரியல் வெளியே வந்தபோதுதான் டீச்சருக்குச் சந்தேகம் தட்டியது. உள்ளே இருந்தது ரெபேக்கா யாரோஸ் எழுதிய 'ஃபோர்த் விங்'. டிராகன்களில் ஏறிப் போர் செய்யப் பழகும் இளைஞர்களின் கதை.

டீச்சர் ஏசவில்லை. "இப்ப நீங்க எல்லாரும் என்னதான் வாசிக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டார். அன்று யாரும் வாய் திறக்கவில்லை. அந்தக் கேள்விக்கு நான் தாமதமாகச் சொல்லும் பதில்தான் இது. இந்த இதழைப் பெற்றோரும் வாசிப்பார்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

எங்கள் வகுப்பில் வாசிக்கிறவர்கள் பெரும்பாலும் மாயாஜாலக் கதையும் விஞ்ஞானப் புனைகதையும்தான் வாசிக்கிறார்கள். ஹரி பொட்டரை நான்காம் தடவை வாசிக்கும் ஒருத்தி இருக்கிறாள். படம் பார்த்துவிட்டு ஃபிராங்க் ஹேர்பேர்ட்டின் 'டியூன்' நாவலைத் தேடிப் பிடித்தவள் ஒருத்தி. 1965இல் வெளிவந்த அந்த அமெரிக்க நாவலில் 'மஹ்தி', 'லிஸான் அல்-கைப்' என்ற சொற்களைக் கண்டு, "இது எங்கட சொல் தானே!" என்று இடைவேளையில் கத்தினாள். கணிதப் பிரிவுக்காரிகள் அண்டி வெயர் எழுதிய 'புரொஜெக்ட் ஹெய்ல் மேரி'யைப் பற்றியே கதைக்கிறார்கள். ஒரேயொரு தோழி மட்டும் தமிழில் வாசிக்கிறாள். அவளது வாப்பா இளமையில் வாங்கி வைத்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' அவளிடம் இருக்கிறது. 1980களில் எழுதப்பட்ட அந்தக் கதை நடக்கும் 'எதிர்காலம்' 2020களின் தொடக்கம். நாங்கள் அதைக் கடந்தே வந்துவிட்டோம். ஜீனோ என்ற இயந்திர நாய் மட்டும் இன்னும் எங்கள் வீடுகளுக்கு வந்து சேரவில்லை.

இனி டிராகன் புத்தகத்துக்கு வருகிறேன். நானும் அதை வாசித்தேன். எலும்பு பலவீனமான ஒரு பெண், புத்தகக் காப்பகத்தில் அமைதியாக வேலை செய்ய ஆசைப்படுகிறாள். தளபதியான அவளுடைய தாயோ அவளைப் போர்ப் பயிற்சிக்கு அனுப்பிவிடுகிறாள். தொடக்கத்திலேயே ஓர் ஒடுங்கிய மதில் மேல் நடந்து மறுபுறம் போக வேண்டும். விழுந்தால் மரணம். அந்த அத்தியாயத்தை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்த வரிசையின் மூன்றாவது நூல் 2025 ஜனவரியில் வெளிவந்து, முதல் வாரத்திலேயே ஏறத்தாழ 27 இலட்சம் பிரதிகள் விற்றது என்பது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

ஆனால் அது வளர்ந்தவர்களுக்கென்று எழுதப்பட்ட நாவல். அதன் சில அத்தியாயங்களை இந்த இதழில் நான் விவரிக்க முடியாது. அட்டையைப் பார்த்தால் அது தெரியாது. டிராகன் என்றவுடன் சிறுவர் கதை என்று பெரியவர்கள் நினைத்துவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான். எட்டாம் தரத்தில் படிக்கும் என் தங்கச்சி, உம்மாவின் ஃபோனிலேயே அதைத் தரவிறக்கி, உம்மாவுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டே பாதி வரை வாசித்துவிட்டாள். ஒருநாள் உம்மா ஃபோனை வாங்கிய நேரத்தில் திறந்திருந்த பக்கம், திறந்திருக்கக் கூடாத பக்கமாக இருந்தது.

அன்று மாலையே எங்கள் வீட்டிலிருந்த கதைப் புத்தகங்கள் எல்லாம் ஓர் அரிசிப் பைக்குள் போய் அலுமாரியின் மேல் ஏறின. ஹரி பொட்டர், டியூன், நான் இரவல் வாங்கியிருந்த சுஜாதா, எதுவும் தப்பவில்லை. "மகள், எல்லாம் பொய்க் கதை தானே? பொய்யப் படிச்சு என்ன வரப்போகுது? பரீட்சைக்குப் படிங்க" என்றார் உம்மா.

தோழிகளிடம் சொன்னபோது எல்லோரும் என் பக்கம் நின்றார்கள். நான் அவர்கள் பக்கம் முழுதாக நிற்கவில்லை. 'அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போனால் சரிதானே' என்பது அவர்கள் வாதம். பதின்மூன்று வயதுப் பிள்ளை எந்தப் பக்கத்தைத் தாண்டுவது என்று எப்படி முன்கூட்டியே அறிவாள்? தங்கச்சியின் கையிலிருந்து அதை எடுத்ததில் உம்மா பிழை செய்யவில்லை என்பதே என் கருத்து. இதற்காக என்னோடு இரண்டு நாள் கதைக்காமல் இருந்தவர்களும் உண்டு. உம்மா பிழைவிட்டது அரிசிப் பையில்தான். ஒரு புத்தகத்தின் குற்றத்துக்கு ஒரு முழு வகை இலக்கியத்தையும் சிறையில் போட்டார்.

பையில் ஏறாமல் தப்பியது ஒன்றுண்டு. அது புத்தகம் போலவே இருக்கவில்லை. என் கொப்பிக்குள் மடித்து வைத்த சில போட்டோக்கொப்பித் தாள்கள். 'சுல்தானாவின் கனவு' என்ற ஆங்கிலச் சிறுகதை. எழுதியவர் பேகம் ரொக்கையா. வெளிவந்த ஆண்டு 1905, வெளியிட்டது மதராஸிலிருந்து வந்த ஒரு பெண்கள் சஞ்சிகை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உம்மா குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து அதை வரிக்கு வரி தமிழில் சொல்லத் தொடங்கினேன். "இதுவும் பூதக் கதையா?" என்றார். "இல்ல உம்மா, கனவுக் கதை" என்றேன்.

சுல்தானா என்ற பெண் கனவில் ஒரு நாட்டுக்குப் போகிறாள். அங்கே ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள், பெண்கள் நாட்டை நடத்துகிறார்கள். பெண்களுக்கெனப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. ஒன்று, பலூனை அனுப்பி மேகத்திலிருந்தே தண்ணீர் எடுக்கிறது. மற்றது சூரிய வெப்பத்தைச் சேமிக்கிறது. எதிரி படையெடுத்து வந்தபோது அந்த வெப்பத்தை அவர்கள் மீது திருப்பி விரட்டிவிடுகிறார்கள். இருபத்தொரு வயதுக்கு முன் எந்தப் பெண்ணுக்கும் திருமணம் இல்லை. ஆகாயத்தில் பறக்கும் வண்டியும் உண்டு. ரைட் சகோதரர்கள் முதன்முதல் பறந்தது 1903இல் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆண்கள் அடைபட்டிருக்கும் பகுதியில் உம்மா கீரையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அந்த நாட்டுக் குசினி வந்ததும் சிரிப்பு நின்றது. அங்கே புகை இல்லை, கரி இல்லை. சூரிய வெப்பத்தில்தான் சமையல். 2022இல் எங்கள் தெருவில் வெற்று சிலிண்டர்களோடு வரிசையில் நின்றவர்களில் உம்மாவும் ஒருவர். கேஸ் கிடைக்காமல் முற்றத்தில் விறகடுப்பு மூட்டி, கண் எரிய எரியச் சமைத்தவர். "நூறு வருசத்துக்கு முந்தியே இத யோசிச்ச பொம்புள எந்த ஊரு?" என்று கேட்டார்.

வங்காளத்து ஊர், பெண்களுக்குப் பள்ளிக்கூடம் எட்டாத குடும்பம். 1880இல் பிறந்த ரொக்கையாவுக்கு வங்காள மொழியையும் ஆங்கிலத்தையும் வீட்டில் வெளிப்படையாகப் படிக்க முடியவில்லை. எல்லோரும் தூங்கிய பிறகு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மூத்த சகோதரர்தான் இரகசியமாகச் சொல்லிக் கொடுத்தார். இந்த இடத்தில் எனக்கு எங்கள் வகுப்பின் 'உயிரியல்' உறை நினைவுக்கு வந்தது. ஒப்பிடுவது சரியில்லைதான். அவர் ஒளித்தது எழுத்தையே. நாங்கள் ஒளித்தது ஒரு டிராகனை.

கணவர் வெளியூர் போயிருந்த நாட்களில் பொழுதுபோக்காக எழுதியதாம் அந்தக் கதை. திரும்பி வந்த கணவர் நின்றபடியே முழுவதையும் வாசித்து முடித்தாராம். அவர் 1909இல் காலமானார். அதே ஆண்டு பாகல்பூரில் ஐந்து மாணவிகளோடு ரொக்கையா ஒரு பாடசாலை தொடங்கினார். 1911இல் அதைக் கல்கத்தாவில் எட்டு மாணவிகளோடு மறுபடி தொடங்கினார். வீடு வீடாகப் போய், 'பிள்ளையை அனுப்புங்கள்' என்று பெற்றோரைக் கெஞ்சினார். அந்தப் பாடசாலை இன்றும் இருக்கிறது. கதை எழுதிக் கால் நூற்றாண்டு கழித்து உண்மையாகவே விமானத்தில் பறந்து, அதைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார்.

'பொய்யைப் படித்து என்ன வரப்போகிறது' என்பதற்கு என்னிடம் உள்ள பதில் இவ்வளவுதான். 1905இல் பெண்களுக்குப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று ஒரு முஸ்லிம் பெண் நேராகக் கேட்டிருந்தால் சண்டைதான் வந்திருக்கும். கனவு என்று சொன்னதால் ஒருவர் நின்றபடியே வாசித்து முடித்தார். முதலில் கனவில் கட்டிய பாடசாலையைத்தான் நான்கு ஆண்டுகளில் மண்ணில் கட்டினார்.

கதையில் குறை இல்லாமலும் இல்லை. அதைக் கண்டுபிடித்தது நான் அல்ல, உம்மா. "ஆம்புளைகள அடைச்சு வெக்கிறதும் அநியாயம் தானே, மகள்?" என்றார். உயர்தரத் தமிழ் இலக்கிய வகுப்பில் விமர்சனம் என்று நாங்கள் எழுதிப் பழகுவதை விட அந்த ஒரு கேள்வி கூர்மையாக இருந்தது. பிறகு, கீரைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே, ஓ.எல். முடித்ததும் மேலே படிக்கத் தனக்கும் ஆசை இருந்ததாகவும், அதற்குள் கலியாணம் பேசிவிட்டதாகவும் சொன்னார். பதினெட்டு வருடங்களில் இதை உம்மா என்னிடம் சொன்னது அன்றுதான். பாடப் புத்தகம் எதுவும் எங்களை அந்தப் பேச்சுக்குக் கொண்டுபோனதில்லை.

கதைப் புத்தகம் எங்கள் சமூகத்துக்குப் புதிய பழக்கமும் அல்ல. கண்டியில் வாழ்ந்த சித்திலெவ்வை 1885இலேயே கெய்ரோவையும் பம்பாயையும் சுற்றும் 'அசன்பேயுடைய கதை'யை எழுதினார். தமிழின் முதல் நாவல்களுள் ஒன்று அது. விஞ்ஞானப் புனைகதையும் எங்கள் தீவுக்கு அந்நியமில்லை. ஆதர் சி. கிளார்க் 1956இல் இங்கே குடியேறி 2008இல் இங்கேயே மறைந்தார். 1979இல் வந்த அவரது நாவலில், பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு மின்தூக்கி கட்டுகிறார்கள். அதற்கு மத்திய கோட்டில் ஒரு மலை வேண்டும். எங்கள் தீவு அங்கே இல்லையே! அதற்காக அவர் தீவையே தெற்கே நகர்த்தி, 'தப்ரபேன்' என்று பெயர் வைத்து, சிவனொளிபாத மலையையும் சிகிரியாவையும் மாதிரியாகக் கொண்டு எழுதினார். கொழும்பு எழுத்தாளர் வஜ்ர சந்திரசேகர முதல் நாவலுக்கே 2024இல் நெபியூலா விருது பெற்றார். நிழலில்லாத ஒரு மனிதனும், திறக்கவே முடியாத கதவுகள் நிறைந்த ஒரு நகரமும் அதில் வருகின்றன. எனக்கு அதில் பாதிதான் விளங்கியது. ஆனால் அந்த நகரத்தின் அலுவலகங்களும் கடவைகளும் எங்கேயோ பார்த்தவை போல இருந்தன.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் நூலகத்தில் நான் மேலே சொன்னவற்றில் ஒன்றைக்கூடக் காணவில்லை. இவற்றுக்கு ஒரு தட்டு வேண்டும். அதில் வைக்கும் ஒவ்வொரு புத்தகத்தையும் முதலில் ஒரு டீச்சரும் ஒரு உயர்தர மாணவியும் வாசித்து, எத்தனையாம் தரத்துக்கு ஏற்றது என்று உள்ளட்டையில் எழுதி வைக்கட்டும். யாரும் சொல்லாத இடத்தில்தான் பிள்ளைகள் அட்டைப் படத்தை நம்புகிறார்கள். தமிழ்மொழி மூலம் படிக்கும் எங்களில் பலர் இந்தக் கதைகளை ஆங்கிலத்தில் வாசிக்கக் கூச்சப்பட்டு ஒதுங்குகிறார்கள். அவர்களுக்காக வருடத்துக்கு ஒரு கதையாவது நாங்களே மொழிபெயர்த்து இந்த இதழில் போடலாம். பெற்றோரிடம் கேட்பது ஒன்றுதான். புத்தகத்தைப் பறிக்க முன் 'என்ன கதை?' என்று கேளுங்கள். பிள்ளை சொல்லத் தயங்கினால் பறியுங்கள்.

நான் 'சுல்தானாவின் கனவு' மொழிபெயர்ப்பைத் தொடங்கிவிட்டேன். அந்த நாட்டின் ஆங்கிலப் பெயரை எப்படித் தமிழாக்குவது என்று தெரியாமல் இரண்டு நாள் நின்றேன். 'மகளிர் தேசம்' என்று எழுதினேன். "அது ஏதோ சங்கத்துக்குப் பேர் வெச்ச மாதிரி ஈக்குது" என்று உம்மா சிரித்தார். இப்போது 'பெண்ணூர்' என்று இருக்கிறது. அது உம்மா வைத்த பெயர்.

சென்ற வாரம் அரிசிப் பை கீழே இறங்கியது. அடுத்து என்ன கதை என்று உம்மா கேட்டார். ஒரு தோழியிடம் ஷானன் சக்ரவர்த்தி எழுதிய 'அமீனா அல்-ஸிராஃபியின் சாகசங்கள்' இருக்கிறது என்றேன். பன்னிரண்டாம் நூற்றாண்டில், இந்து சமுத்திரத்தில் கப்பல் ஓட்டும் நடுவயதுத் தாய் ஒருத்தியின் கதை. "கப்பலா? அப்ப பிள்ளைய யாரு பாக்கிற?" என்றார் உம்மா. வாசித்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

டிராகன் புத்தகத்துக்கு மட்டும் இன்னும் எங்கள் வீட்டில் தடைதான். அந்த விஷயத்தில் உம்மாவும் நானும் ஒரே கட்சி. தங்கச்சி எங்கள் இருவரோடும் கோபம்.