குத்துச்சண்டை உறையும் வயிற்றில் குட்டியும்

ஆஸ்திரேலியாவிலிருந்து ஊருக்குக் கிளம்புகிற நம்மவர்களின் பெட்டியில் பாதி இடம் பொம்மைகளுக்குத்தான். அண்ணன் மகனுக்கு ஒன்று, அக்கா பேத்திக்கு ஒன்று, எதிர்வீட்டுப் பிள்ளைக்கு ஒன்று. வாங்கட்டும், கொடுக்கட்டும். ஆனால் மெல்போர்னோ சிட்னியோ, எந்த நினைவுப்பொருள் கடைக்குள் நுழைந்தாலும் கண்ணில் படுவது கோவாலா, இல்லாவிட்டால் கங்காரு. இவ்வளவு பெரிய கண்டத்தில் வேறு உயிரே பிறக்கவில்லையா?

சரி, அந்த இரண்டையாவது உருப்படியாகச் செய்கிறார்களா? கங்காருவின் கையில் சிவப்புக் குத்துச்சண்டை உறை. 1983இல் அமெரிக்கா கோப்பைப் படகுப் போட்டியை ஆஸ்திரேலியா வென்றபோது கொடியில் பறந்த கங்காருவாம். பறக்கட்டும். ஆனால் அதே பொம்மையின் வயிற்றுப் பையிலிருந்து ஒரு குட்டியும் எட்டிப் பார்க்கிறதே! எழுந்து நின்று மல்லுக்கட்டுவது ஆண் கங்காருவின் வேலை; பை இருப்பதோ பெண்ணுக்கு மட்டும். இந்தப் பாவப்பட்ட ஜீவன் எந்தக் கணக்கில் சேர்த்தி?

கோவாலா கதை இன்னும் மோசம். கரடி பொம்மையின் அச்சை எடுத்துக் காதைப் பெரிதாக்கினால் கோவாலா, அவ்வளவுதான். மரத்தை இறுகப் பற்றுவதற்கு நிஜக் கோவாலாவின் முன்னங்கையில் இரண்டிரண்டு கட்டைவிரல்கள் உண்டு. பொம்மைக்கு விரலே கிடையாது. கங்காருத் தோலில் செய்த கோவாலாவும் விற்பனைக்கு இருக்கிறது! ஒன்றின் தோலை உரித்து இன்னொன்றைக் கொஞ்சச் சொல்கிறார்கள்.

ஈஸ்டர் வந்துவிட்டால் எனக்கு ரத்தக் கொதிப்பே ஏறும். கடை அலமாரி முழுக்க முயல் பொம்மை. 1859இல் விக்டோரியாவில் வேட்டையாடி விளையாட ஒரு பண்ணைக்காரர் அவிழ்த்துவிட்ட முயல்கள்தான் பெருகி நாட்டையே மேய்ந்து தீர்த்தன. நீண்ட காதும் பட்டுப்போன்ற மயிருமாக மண்ணின் மைந்தனாய்த் திரிந்த பில்பி என்ற விலங்குக்குப் பெரும்பாலான இடங்களில் இருப்பிடமே இல்லாமல் போனதில் முயலுக்கும் பங்குண்டு. நரிக்கும் பூனைக்கும் பங்குண்டு. சிறிய பில்பி என்ற இனம் பூண்டோடு அழிந்தேவிட்டது. அடிலெய்டின் ஹெய்ஸ் சாக்லேட்காரர்கள் 1993லேயே முயலைக் கைவிட்டுப் பில்பிக்கு மாறினார்கள். ஒரு மிட்டாய்க் கடைக்கு வந்த சுரணை பொம்மைக்காரர்களுக்கு வர இன்னும் எத்தனை ஈஸ்டர் ஆகும்?

மேற்கு ஆஸ்திரேலியாவின் மாநில விலங்கு நம்பாட். முதுகில் வெள்ளைப் பட்டைகள், நாளுக்கு 20,000 கரையான் வரை தின்னும் வாய், புசுபுசு வால். பொம்மையாகவே பிறந்த மாதிரி இருக்கும். கடையில் கேட்டுப் பாருங்கள். அது என்ன தின்பண்டமா என்பதுபோல் முழிப்பார்கள். தேடினால் விலங்குக் காட்சிசாலைக் கடைகளில் கிடைக்கலாம். அங்கே போக வேண்டும் என்று தோன்றுவதற்கு முதலில் அப்படி ஒரு விலங்கு இருப்பது தெரிய வேண்டுமே.

எல்லோரும் கொஞ்சுகிற கோவாலாவையே குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், கான்பெரா பகுதிகளில் அழியும் ஆபத்தில் உள்ள உயிரினம் என்று 2022இல் அரசு அறிவித்துவிட்டது. காரணங்களில் முதலில் நிற்பது மரம் வெட்டுவது. பொம்மையின் பின்னால் தைத்த துணித்துண்டில் இதைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா? குளிர்ந்த நீரில் கையால் துவைக்கவும், இஸ்திரி போடாதே என்றெல்லாம் பொடி எழுத்தில் அச்சடிக்க இடமிருக்கிறது. இது எங்கே வாழ்கிறது, என்ன தின்கிறது என்று இரண்டு வரி போட்டால் துணி கிழிந்துவிடுமா?